எந்த நாட்டில் இருக்கிறோம் என்று வைஃபை டிரைவருக்கு யார் சொல்வது?

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் உள்ள வானிலை ரேடாரின் திரையில் மழையே இல்லாத திசைகளிலும் நீளநீளமாகக் கோடுகள் விழத் தொடங்கின. விமானம் இறங்கும் நேரத்தில் மேகத்திலிருந்து திடீரென்று கீழ்நோக்கிப் பாயும் காற்றை முன்கூட்டியே கண்டு எச்சரிப்பதற்காக அமெரிக்க விமான நிலையங்களை ஒட்டி நிறுவப்பட்ட 45 ரேடார்களில் அதுவும் ஒன்று. 1985 ஆகஸ்டில் டல்லாஸில் டெல்டா 191 விமானம் அப்படியொரு காற்றில் சிக்கி விழுந்து 137 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வேகம் பிடித்த திட்டம் இது. திரையில் விழுந்த கோடுகளின் மூலத்தைத் தேடிப் புறப்பட்ட அமெரிக்க அரசுப் பொறியாளர்கள், இணைய சேவை நிறுவனங்கள் உயரமான இடங்களில் பொருத்தியிருந்த 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். உரிமம் தேவைப்படாத, வைஃபையோடு ஒரே அலைக்கற்றையைப் பகிரும் கருவிகள் அவை.

அந்தக் கருவிகள் ரேடாரின் துடிப்பைக் கேட்ட மாத்திரத்தில் வேறு சேனலுக்கு ஒதுங்க வேண்டும் என்று சட்டம் முன்பே சொல்லியிருந்தது. சட்டத்தை நிறைவேற்ற வேண்டிய இடம் கருவிக்குள் ஓடும் மென்பொருள். பின்வந்த ஆண்டுகளில் ரேடார் கண்டறிதலை அணைத்துவைத்து இயக்கியதற்காகப் பல நிறுவனங்கள் மீது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி அபராத நடவடிக்கை எடுத்தது.

வானொலி விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. வைஃபை சிப்போ உலகத்துக்கெல்லாம் ஒன்றுதான். தைவானில் வார்க்கப்படும் அதே சிலிக்கான் டோக்கியோவிலும் பாரிஸிலும் சென்னையிலும் வேலை செய்கிறது. ஆக, இந்த இடத்தில் எந்தச் சேனலில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பதை முடிவு செய்வது யார்? சிப்பா, டிரைவரா, ரூட்டரா, பயனரா? இருபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குத் தரப்பட்ட பதில்களை இக்கட்டுரை பார்க்கிறது. பெரும்பகுதி லினக்ஸைப் பற்றியே இருக்கும். அங்கேதான் இந்த விவாதம் எல்லோர் கண்முன்னும் நடந்தது. மற்ற இடங்களில் அது ஒப்பந்தங்களுக்குள் மூடிக்கிடக்கிறது.

விதிகள் எப்படி வேறுபடுகின்றன

டெல்டா விபத்து நடந்த அதே 1985இல்தான் எஃப்சிசி, மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்காக ஒதுக்கிவைத்திருந்த அலைக்கற்றைகளை ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் முறைக்கு உரிமமின்றித் திறந்துவிட்டது. வைஃபையின் பிறப்புக்கு வழி அங்கேதான் பிறந்தது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டை கிட்டத்தட்ட உலகப் பொது ஆனது. ஆனால் ‘கிட்டத்தட்ட’ மட்டும்தான். தொடக்கக் காலத்தில் பிரான்ஸ் 10 முதல் 13 வரையிலான சேனல்களை மட்டுமே அனுமதித்தது. ஸ்பெயின் இரண்டே இரண்டை, 10, 11. ஜப்பானுக்கு மட்டும் 2484 மெகாஹெர்ட்ஸில் 14ஆம் சேனல் என்று தனியாக ஒன்று உண்டு. அதிலும் பழைய 802.11பி முறையில்தான் பேசலாம், அதற்குப் பின்வந்த வேகமான முறைகளுக்கு இடமில்லை.

அமெரிக்காவில் 12, 13ஆம் சேனல்கள் தடைசெய்யப்பட்டவை என்று பரவலாக நம்பப்படுகிறது. சட்டத்தைப் படித்தால் அப்படி ஒரு வரி கிடையாது. பட்டை 2483.5 வரை திறந்தே இருக்கிறது. ஆனால் அதற்கு மேலே தொடங்குவது செயற்கைக்கோள் சேவைகள் உள்ள பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே சிந்தும் சக்திக்கு மிகக் கடுமையான வரம்பு. 13ஆம் சேனலில் முழுச் சக்தியோடு பேசினால் சிதறல் அந்த வரம்பைத் தாண்டிவிடும். சக்தியைக் குறைத்துச் சான்றிதழ் வாங்குவதைவிட அந்தச் சேனலையே விட்டுவிடுவது தயாரிப்பாளர்களுக்கு எளிது. நாட்டுவாரி விதிகளைத் தொகுத்து லினக்ஸ் வைத்திருக்கும் அட்டவணையிலும் (அதைப் பின்னால் பார்ப்போம்) அமெரிக்காவுக்கான 2.4 பட்டை 2472இலேயே முடிகிறது. சட்டத்தின் எழுத்து அங்கே பதிவாகவில்லை. சட்டத்தைச் சுற்றி வளர்ந்த வழக்கம்தான் பதிவாகியிருக்கிறது. டிரைவர் பின்பற்றும் ‘விதி’ எப்போதுமே யாரோ ஒருவர் சட்டத்தைப் படித்து எழுதிய பொழிப்புரைதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சக்தியிலும் வேறுபாடு உண்டு. ஐரோப்பாவில் 2.4 பட்டையில் ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் சக்தி 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் சிப்பிலிருந்து ஆன்டெனாவுக்கு 1 வாட் வரை போகலாம். ஆன்டெனாவின் குவிப்பையும் சேர்த்தால் 4 வாட் வரை. ஒன்று ஆன்டெனாவுக்குப் பின்னால் அளக்கிறது, மற்றது முன்னாலும் அளக்கிறது. எந்த ஆன்டெனா திருகப்பட்டிருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியவே தெரியாது. லினக்ஸ் அட்டவணையில் தொடக்கத்தில் ஆன்டெனாவுக்கென்றே ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலான நாடுகளுக்கு ‘பொருந்தாது’ என்றே நிரப்பிவைத்திருந்தார்கள். பிறகு அந்தக் கட்டமே போய்விட்டது.

5 கிகாஹெர்ட்ஸ் இன்னும் சிக்கல். 2003இல் உலக வானொலி மாநாடு 5150–5350, 5470–5725 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளைக் கம்பியில்லா வலையமைப்புக்குத் தந்தது. ரேடார்கள் இருக்கும் பகுதிகளில் அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதன்பின் நாடுகள் தம் விதிகளை மாற்றத் தொடங்கின. ஜப்பானின் சேனல் எண்கள் 34, 38, 42, 46 என்று மற்ற நாடுகளிலிருந்து 10 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருந்தன. 2005இல் அவர்கள் உலக வழக்கமான 36, 40, 44, 48க்கு மாறினார்கள். பழைய எண்களைச் சிப்பிலேயே எழுதி விற்ற கருவிகளுக்கு ஃபர்ம்வேர் மாற்றம் தேவைப்பட்டது. விதியைத் தொழிற்சாலையில் பொறித்துவிட்டால் போதும் என்ற எண்ணத்தின் பலவீனம் அங்கே தெரிந்தது. சட்டம் மாறும், பொறித்தது மாறாது.

மூடிய பெட்டியின் காலம்

2000களின் முதல் பாதியில் தயாரிப்பாளர்கள் கண்ட தீர்வு, டிரைவரின் ஒரு பகுதியை மூடி வைப்பது. ஏத்தெரோஸ் நிறுவனத்தின் சிப்புகளை அனுமதிக்கப்பட்ட பட்டைகளுக்கு வெளியேயும் திருப்ப முடியும். அதனால் லினக்ஸுக்கான மேட்வைஃபை டிரைவர் திறந்த மூலமாக இருந்தாலும், சிப்போடு நேரடியாகப் பேசும் ‘ஹால்’ என்ற அடுக்கு மட்டும் மூலநிரல் இல்லாத கோப்பாகவே வந்தது. சொல்லப்பட்ட காரணம் எஃப்சிசி. இன்டெல் 3945 அட்டைக்கு வேறொரு ஏற்பாடு: டிரைவர் திறந்தது, ஆனால் அதோடு பின்னணியில் ஒரு மூடிய நிரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தச் சேனல் திறக்கலாம் என்பதை அந்த நிரல்தான் சிப்புக்குச் சொல்லும். லினக்ஸ்காரர்களுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. 2007இல் இன்டெல் அந்த வேலையை அட்டையின் ஃபர்ம்வேருக்குள் நகர்த்தி, பின்னணி நிரல் இல்லாத புதிய டிரைவரை வெளியிட்டது. பிரச்சினை தீர்ந்ததாக அப்போது எல்லோரும் மகிழ்ந்தார்கள். உண்மையில் அது ஒரு அடுக்கு கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

மூடிய ஹாலை முதலில் உடைத்தவர்கள் ஓபன்பிஎஸ்டி திட்டத்தார். சிப்பின் போக்கைக் கவனித்துத் தாமே ஒரு மாற்று அடுக்கை எழுதினார்கள். அதிலிருந்து கிளைத்த நிரலைச் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் லா சென்டர் வழக்கறிஞர்கள் 2007இல் ஆராய்ந்து, பதிப்புரிமைச் சிக்கல் இல்லை என்றார்கள். எஃப்சிசி விதிகள் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவரும் தயாரிப்பாளரைத்தான் கட்டுப்படுத்துகின்றன, தனியாக நிரல் எழுதுபவரை அல்ல என்ற அவர்களுடைய வாசிப்பும் அதே காலத்தில் வெளியானது. 2008இல் ஏத்தெரோஸே மனம் மாறியது. புதிய சிப்புகளுக்கான ஏத்9கே டிரைவரை முழுக்கத் திறந்த மூலமாக லினக்ஸுக்குத் தந்தது. பழைய ஹாலின் மூலநிரலும் வெளிவந்தது. 2010 செப்டம்பரில் பிராட்காமும் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. சட்டம் அனுமதிக்காது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது கடைசியில் சாத்தியமாயிற்று. தடையாக நின்றது சட்டத்தைவிடச் சட்ட ஆலோசகர்களின் அச்சம் என்றே நான் கருதுகிறேன்.

ஓர் அட்டவணை, நான்கு குரல்கள்

தயாரிப்பாளர்களை நம்பிக்கையோடு உள்ளே வரச் செய்தது லினக்ஸ் கட்டிய பொது ஏற்பாடு. அதுவரை ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று ஒரு நாட்டுப் பட்டியலை வைத்திருந்தது. 2008இல் லூயிஸ் ரோட்ரிகஸ் முன்னின்று எழுதிய அமைப்பு இதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. கெர்னலில் சிஎஃப்ஜி80211 என்ற பொது அடுக்கு. வெளியே ‘வயர்லெஸ் ரெக்டிபி’ என்ற தரவுத்தளம். தரவுத்தளம் என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். அது ஒரு எளிய எழுத்துக் கோப்பு. நாட்டின் ஈரெழுத்துக் குறி, கீழே வரிவரியாகத் தொடக்க அதிர்வெண், முடிவு அதிர்வெண், அனுமதிக்கப்படும் அகலம், உச்சச் சக்தி, நிபந்தனைகள். ஒரு நாட்டின் வரியை மாற்ற விரும்புகிறவர் திருத்தத்தோடு அந்நாட்டின் அரசாணையையோ ஒழுங்குமுறை ஆவணத்தையோ சுட்டிக் காட்ட வேண்டும். பல நாடுகளின் வரிகளுக்கு மேலே அந்த ஆவணத்தின் இணைய முகவரி குறிப்பாகவே இருக்கும்.

எழுத்துக் கோப்பு இருமக் கோப்பாக மாற்றப்பட்டு, பராமரிப்பாளரின் திறவுகோலால் கையொப்பமிடப்படுகிறது. கையொப்பம் பொருந்தாத கோப்பை அமைப்பு ஏற்காது. முதலில் இந்தச் சரிபார்ப்பைக் கிர்டா என்ற தனி நிரல் செய்தது. 2018இல் வந்த 4.15 கெர்னலிலிருந்து கெர்னலே கோப்பை நேராகப் படித்துச் சரிபார்க்கிறது. சட்டம் தெரிந்த ஒருவர் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைப் படிக்கலாம், தவறு என்று சொல்லலாம், திருத்தலாம். ஆனால் போகிற போக்கில் தன் கணினியில் மட்டும் மாற்றிக்கொள்வது எளிதல்ல. இந்தத் துறையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிக விவேகமானது இதுதான் என்பது என் கருத்து.

அட்டவணை இருந்தால் மட்டும் போதாது, எந்த வரியைப் படிப்பது என்று தெரிய வேண்டும். நாடு எது என்று கெர்னலுக்குச் சொல்லக்கூடிய குரல்கள் நான்கு. முதலாவது கெர்னலின் மையமே. அது எதையும் அறியாத நிலையில் ‘00’ என்ற உலகப் பொது வரியோடு தொடங்கும். இரண்டாவது பயனர், ‘ஐடபிள்யூ ரெக் செட்’ கட்டளை வழியே. மூன்றாவது டிரைவர்: அட்டையின் நினைவகத்தில் தொழிற்சாலையில் எழுதப்பட்ட நாட்டுக் குறியைப் படித்துச் சொல்லும். நான்காவது, இணைக்கப்பட்டிருக்கும் ரூட்டர். 2001இல் வந்த 802.11டி திருத்தத்தின்படி ரூட்டர் தன் இருப்பை அறிவிக்க விடும் சிறு சமிக்ஞையான பீக்கனில் நாட்டின் பெயரையும் சேனல் வரம்புகளையும் சேர்த்து அறிவிக்கலாம்.

குரல்கள் முரண்பட்டால் என்ன செய்வது? டிரைவர் ஒரு நாட்டுக்குச் சான்று பெற்ற அட்டை என்கிறது, ரூட்டர் வேறொரு நாட்டைச் சொல்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் கெர்னல் எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் அனுமதி உள்ள சேனல், இரண்டில் குறைந்த சக்தி. பயனர் சொல்லும் நாடு அட்டையின் வரம்பை இன்னும் இறுக்கலாம், தளர்த்த முடியாது. பயனரின் பங்கு சட்டத்துக்கு உதவுவது, மீற உதவுவது அல்ல என்று அமைப்பை எழுதியவர்கள் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பாதுகாப்புகளை நீக்கிக் கெர்னலைத் தொகுக்கவும் வழி உண்டு. ஆனால் அந்தத் தேர்வை இயக்க, ‘சான்றளிப்பின் பொறுப்பு என்னுடையது’ என்ற பொருளில் பெயரிடப்பட்ட இன்னொரு தேர்வை முதலில் இயக்கியாக வேண்டும். பொறுப்பை யார் தோளில் ஏற்றுவது என்பதை ஒரு நிரல் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்பதை வேறெங்கும் பார்ப்பது அரிது.

‘00’ வரி தனியாகக் கவனிக்கத் தக்கது. உலகின் எல்லா இடங்களிலும் அநேகமாகத் தவறாகாதது எதுவோ அது. 2.4 பட்டையில் 1 முதல் 11 வரை தாராளமாகப் பேசலாம். 12, 13ஆம் சேனல்களிலும் 5 கிகாஹெர்ட்ஸ் முழுவதிலும் ‘நோ-ஐஆர்’ என்ற கொடி இருக்கிறது. தானாக முதல் பேச்சைத் தொடங்காதே, யாராவது பேசுகிறார்களா என்று கேள் என்று அதற்கு அர்த்தம். ரூட்டர்கள் வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பீக்கன் விடுகின்றன. பேச அனுமதி உள்ள சேனலில் அட்டை ஒரு கேள்வியை எறிந்து சில பத்து மில்லிசெகண்டில் பதில் பெற்றுவிடும். கேட்க மட்டுமே அனுமதி உள்ள சேனலில் ஒரு முழு பீக்கன் இடைவெளி காத்திருக்க வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் தேடல் மெதுவாக நடப்பதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் காத்திருப்பில் ஒரு பீக்கன் காதில் விழுந்தால், இங்கே இந்தச் சேனலில் யாரோ முறைப்படி பேசுகிறார்கள், நாமும் பேசலாம் என்று ஊகித்து உலகப் பொது அட்டைகளுக்கு அந்தக் கொடி விலக்கப்படுகிறது. ரேடார் சேனல்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அண்டை வீட்டார் சட்டத்தை மதிப்பவர் என்ற நம்பிக்கையின்மேல் கட்டப்பட்ட விதி இது. ஊருக்குப் புதிதாக வந்தவர், உள்ளூர்க்காரர் செருப்பை எங்கே கழற்றுகிறார் என்று பார்த்துத் தானும் கழற்றுவதைப் போல.

பொலிவியாவுக்குக் குடிபெயர்ந்த லேப்டாப்புகள்

எந்த நாட்டின் வரியில் சக்தி அதிகம் என்று தேடியவர்கள் வெகுவிரைவில் பொலிவியாவையும் பெலிஸையும் கண்டுபிடித்தார்கள். அட்டவணையில் அந்நாடுகளுக்கு 2.4 பட்டையில் 30 டிபிஎம், அதாவது 1 வாட் என்று இருந்த காலம் அது. ‘ஐடபிள்யூ ரெக் செட் பிஓ’ என்று அடித்துவிட்டால் வைஃபை எட்டும் தூரம் கூடும் என்ற குறிப்பு, பாதுகாப்புச் சோதனைக்காரர்களின் பயிற்சிக் குறிப்புகள்தோறும் தொற்றிக்கொண்டது.

பலன்? பெரும்பாலும் திரையில் தெரியும் எண் மட்டும். சாதாரண லேப்டாப் அட்டையின் பெருக்கி 100 மில்லிவாட்டுக்குச் சற்று முன்னும் பின்னும்தான் தரக்கூடியது. அட்டையில் பதிந்த அளவீட்டு எல்லையை டிரைவர் தாண்டாது. தாண்ட வைத்தாலும் சமிக்ஞை உருக்குலைந்து வேகம் குறையும். போதாததற்கு, உரையாடலுக்கு இரு முனைகள் உண்டு. லேப்டாப் கத்தினாலும் ரூட்டரின் மெல்லிய குரல் இங்கே கேட்டாக வேண்டும். இது விதிமீறல் என்பது ஒரு பக்கம்; பயனற்ற விதிமீறல் என்பதுதான் வேடிக்கை.

ரேடாருக்குக் காது கொடுத்தல்

ரேடார் சேனல்களில் டிரைவரின் வேலை எண் பார்ப்பதோடு முடிவதில்லை. ரூட்டர் அந்தச் சேனலைத் திறக்கும் முன் 60 விநாடி அமைதியாகக் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இயங்கும் 5600–5650 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இந்தக் காத்திருப்பு 10 நிமிடம். வேலை நடக்கும்போது ரேடார் கேட்டால் 10 விநாடிக்குள் எல்லாக் கருவிகளையும் அழைத்துக்கொண்டு வெளியேறி, அடுத்த 30 நிமிடம் அந்தச் சேனல் பக்கம் திரும்பக் கூடாது.

ரேடார் என்று எப்படித் தெரியும்? ஏத்9கேயில் சிப் தன்னால் புரிந்துகொள்ள முடியாத துடிப்பு ஒவ்வொன்றின் நேரத்தையும் அகலத்தையும் மேலே அனுப்புகிறது. டிரைவர் அந்த நேரங்களுக்கிடையே சீரான இடைவெளி இருக்கிறதா என்று தேடி, ஒழுங்குமுறை ஆவணங்களில் உள்ள துடிப்பு வகைகளோடு ஒப்பிடுகிறது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் மூன்றுக்கும் வகைகள் வேறு. அதனால் அட்டவணையில் ஒவ்வொரு நாட்டுக்கும் எந்த மரபைப் பின்பற்றுவது என்ற குறியும் உண்டு. உண்மையில் வானில் இருப்பது துப்புரவான துடிப்பு வரிசை அல்ல. சிதைந்த வைஃபை பொட்டலங்கள், கோளாறான மின்சாதனங்கள், எதிரொலிகள். கூர்மையாகக் கேட்டால் ரேடார் இல்லாத ஊரிலும் ரேடார் தெரியும். அசட்டையாகக் கேட்டால் இருக்கும் ரேடாரும் தப்பிவிடும். பொய் எச்சரிக்கையால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிற வாடிக்கையாளர்களைக் கொண்ட சேவை நிறுவனத்துக்கு, கண்டறிதலை அணைத்துவிட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்பது புரியாத புதிர் அல்ல.

பூட்டுப் போட்ட ஆண்டுகள்

2014இல் எஃப்சிசி 5 கிகாஹெர்ட்ஸ் விதிகளைத் திருத்தி எழுதியது. கீழ்ப்பகுதியில் சக்தியை உயர்த்தியது, வீட்டுக்குள் மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கியது. பதிலாக, மூன்றாம் தரப்பு மென்பொருளால் வானொலி அளவுகள் மாற முடியாதபடி தயாரிப்பாளர் பாதுகாக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வெளிவந்த வழிகாட்டுக் குறிப்பில், டிடி-டபிள்யூஆர்டி போன்ற மாற்று ஃபர்ம்வேர்கள் ஏற்றப்படுவதை எப்படித் தடுக்கிறீர்கள் என்று தயாரிப்பாளரைக் கேட்கும் ஒரு வரி இருந்தது. ஒரு திறந்த மூல மென்பொருளின் பெயரை அரசு ஆவணம் ஒன்று எச்சரிக்கையின் உதாரணமாகச் சொன்னதில் பொறியாளர்கள் கொதித்தார்கள். 2015 அக்டோபரில் இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்ட் செர்ஃப் உள்ளிட்ட 260 பேர் எஃப்சிசிக்கு மனு அளித்தார்கள். பழுதான, ஓட்டை விழுந்த ஃபர்ம்வேரைப் பூட்டிவைப்பது வானொலியையும் காக்காது, வலையமைப்பையும் காக்காது என்பது அவர்கள் வாதம். நவம்பரில் ஆணையம் அந்த வரியை நீக்கி, முழு ஃபர்ம்வேரையும் பூட்டச் சொல்லவில்லை, வானொலி அளவுகளை மட்டும்தான் என்று விளக்கம் தந்தது.

தயாரிப்பாளர்களில் சிலருக்கோ முழுப் பூட்டுத்தான் மலிவு. டிபி-லிங்க் அமெரிக்காவில் விற்ற ரூட்டர்களில் மாற்று ஃபர்ம்வேரைத் தடுத்தது. 2016 ஆகஸ்டில் அதே நிறுவனம் எஃப்சிசிக்கு 2 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதன் சில ரூட்டர்களில் பயனர் நாட்டை மாற்றி அமெரிக்க வரம்பைத் தாண்டிய சக்தியில் இயக்க முடிந்தது. அதுவும் நிறுவனத்தின் சொந்த ஃபர்ம்வேரிலேயே. உடன்படிக்கையின் ஒரு பகுதியாக, திறந்த மூலச் சமூகத்தோடு சேர்ந்து மாற்று ஃபர்ம்வேருக்கு வழிசெய்யவும் அந்நிறுவனம் இசைந்தது. ஐரோப்பாவின் 2014ஆம் ஆண்டு வானொலிக் கருவி நெறிமுறையிலும் இதே திசையில் ஒரு பிரிவு இருக்கிறது: பொருந்துதல் நிரூபிக்கப்பட்ட மென்பொருள்தான் கருவியில் ஏற வேண்டும் என்பது.

சான் ஹுவானை வைத்து இதைப் பார்த்தால் ஒரு விலகல் தெரிகிறது. ரேடாரைக் குழப்பியவை வெளிப்புறத்தில், உயரத்தில், குவி ஆன்டெனாவோடு தொழில்முறையில் நிறுவப்பட்ட கருவிகள். வீட்டு மேசையில் இருக்கும் ரூட்டரில் யாரோ ஆர்வலர் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேரை ஏற்றியதால் விமானம் தடுமாறியதாகப் பதிவு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் பூட்டின் சுமை அதிகம் விழுந்தது பின்னவர் மீது.

கண்ணுக்குத் தெரியாத அட்டவணைகள்

இன்டெல் 2007இல் ஃபர்ம்வேருக்குள் நகர்த்தியது பின்னாளில் முழு உருவம் பெற்றது. அந்நிறுவனத்தின் பிந்தைய அட்டைகள் சுற்றிலும் கேட்கும் ரூட்டர்களைப் பார்த்துத் தாமே நாட்டை ஊகிக்கின்றன; லினக்ஸின் பொது அட்டவணையை அவை கேட்பதில்லை. இதைத் தன்னாளுகை அட்டை என்று கெர்னல் தனியாகக் குறித்துவைக்கிறது. பயனர் நாட்டைச் சொன்னாலும் அட்டை கண்டுகொள்ளாது. இதை அணைக்க டிரைவரில் இருந்த தேர்வையும் பின்னர் எடுத்துவிட்டார்கள். விளைவாக, அத்தகைய லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டாக மாற்ற முயல்பவர், தன் நாட்டில் அது முழுக்கச் சட்டபூர்வமாக இருந்தும், ‘நோ-ஐஆர்’ சுவரில் முட்டிக்கொள்கிறார். பிராட்காம் சிப்புகளிலும் நாட்டு வரம்புகள் ஃபர்ம்வேரோடு வரும் தனிக் கோப்பில் இருக்கின்றன. அதைப் படிக்க வெளியாருக்கு வழியில்லை. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் அமைப்பு, நாடு எது என்று நீங்கள் சொல்லும்வரை வைஃபையையே முடக்கிவைக்கிறது. எரிச்சலூட்டினாலும் இது நேர்மையான முறை என்பேன். தெரியாததை ஊகிக்காமல் கேட்கிறது.

ஊகத்துக்கும் வகைகள் உண்டு. ஆண்ட்ராய்டு போன் செல்பேசிக் கோபுரம் அறிவிக்கும் நாட்டுக் குறியைப் பார்க்கிறது. சிம் இல்லாத டேப்லெட்டுக்கு அந்த வழி இல்லை. மேக் கணினிகள் சுற்றியுள்ள பீக்கன்களைப் பார்க்கின்றன. அடுக்ககத்தில் யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரூட்டரை மாட்டியிருந்தால், முரணான நாட்டுக் குறிகள் என்று மேக் பதிவு எழுதும். சில சேனல்கள் காணாமல் போகும். ரூட்டரில் தப்பான நாடு இருந்தால் தவறு அந்த வீட்டோடு நிற்காது.

இந்திய வரி

இந்தியாவில் 2.4 பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்ற அறிவிக்கை 2005 ஜனவரியில் வந்தது. அமெரிக்காவைப் போலவே வெளியேறும் சக்தி 4 வாட் வரை. 5 கிகாஹெர்ட்ஸில் அப்போது கிடைத்தது பெரும்பாலும் கட்டடத்துக்குள் மட்டும், 200 மில்லிவாட் அளவில். 2018 அக்டோபர் அறிவிக்கை நான்கு துண்டுகளாக மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது, வெளிப்புறத்துக்கும் சேர்த்து. லினக்ஸ் அட்டவணையில் இந்திய வரிகள் அந்த அரசிதழ் அறிவிக்கையைத் தழுவி மாற்றப்பட்டன. அரசிதழில் வந்தது சென்னையில் ஒருவர் கணினிக்கு வந்து சேர நீண்ட பாதை இருக்கிறது: யாராவது அரசிதழைப் படித்துத் திருத்தம் அனுப்ப வேண்டும், பராமரிப்பாளர் ஏற்க வேண்டும், உபுண்டுவோ டெபியனோ புதிய கோப்பைச் சேர்க்க வேண்டும். பொது அட்டவணையில் அந்தப் பாதையின் ஒவ்வொரு கட்டமும் தெரியும், யாரும் தள்ளிவிடலாம். ஃபர்ம்வேர் கோப்பில் சிக்கினால் அந்த அட்டைக்காரர் தயாரிப்பாளரின் தயவுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

6 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு

2020 ஏப்ரலில் எஃப்சிசி 5925 முதல் 7125 வரை 1200 மெகாஹெர்ட்ஸை ஒரே மூச்சில் திறந்தது. ஐரோப்பா கீழ்ப்பாதியை மட்டும், 5945 முதல் 6425 வரை. சீனா மேற்பகுதியைச் செல்பேசிச் சேவைக்கு ஒதுக்கிவிட்டது. இது வெறும் எண் வேறுபாடு, அட்டவணைக்குப் பழகியதுதான். அட்டவணைக்குப் புதியவை வேறு. அமெரிக்காவில் முழுச் சக்தியில் இயங்கும் வெளிப்புற ரூட்டர் தன் இருப்பிடத்தை இணையம் வழியே ஒரு ஒருங்கிணைப்பு அமைப்புக்குச் சொல்லி, அங்குள்ள நுண்ணலைத் தொடர்புகளைத் தொந்தரவு செய்யாத சேனல்களின் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும். 2024 பிப்ரவரியில் எஃப்சிசி 7 அமைப்புகளுக்கு இதற்கான அனுமதி தந்தது. இங்கே நாடு என்ற கேள்வியே சிறுத்துவிட்டது. எந்தத் தெரு, எந்த மாடி என்பதுதான் கேள்வி. கையொப்பமிட்ட எழுத்துக் கோப்பில் இதற்கு இடமில்லை. சக்தியையும் மொத்தமாக அல்லாமல் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் இவ்வளவு என்று அளக்கிறார்கள். பட்டைக்கு ஒரே உச்ச எண் என்று பழகிய அமைப்பில் அதைச் சேர்க்கக் கெர்னலையே திருத்த வேண்டியிருந்தது.

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் 5925–6425 மெகாஹெர்ட்ஸுக்கு வெளியிட்ட வரைவு விதிகள் இன்னொரு வகைச் சிக்கலைக் காட்டுகின்றன. கட்டடத்துக்குள் 30 டிபிஎம், வெளியே மிகக் குறைந்த 14 டிபிஎம், இது எளிது. சிக்கல் மற்ற நிபந்தனைகளில். எண்ணெய்த் துரப்பண மேடைகளில் பயன்படுத்தக் கூடாது. தரை வாகனங்களில், படகுகளில், விமானங்களில் கூடாது. விமானத்தில் 10,000 அடிக்கு மேலே பறக்கும்போது மட்டும் விலக்கு. வீட்டுக்குள் என்பதைக்கூட அமெரிக்கர்கள் மென்பொருளிடம் விடவில்லை. குறைந்த சக்தி ரூட்டரில் பேட்டரி இருக்கக் கூடாது, ஆன்டெனாவைக் கழற்ற முடியக் கூடாது, மழை தாங்கும் உறை கூடாது என்று பெட்டியின் வடிவத்திலேயே எழுதிவிட்டார்கள். பேருந்தில் இருக்கிறோமா, படகில் இருக்கிறோமா, எத்தனை அடி உயரத்தில் என்று சொல்லக்கூடிய கொடி எந்த டிரைவரிலும் இன்று இல்லை. அத்தகைய விதியை நிறைவேற்றப் போவது கருவியை வாங்கி மாட்டும் மனிதர்தான். ராஸ்பெரி பை கேட்பதைப் போல, அவரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.